அலகு எழுதாத எண்

அந்த அறையின் ஜன்னல்களை மூடச் சொன்னது நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அது மழைக்காலம். கோலா சாவா பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களுக்குள் காலை பத்து மணி வரை ஈரம் கலையாமல் நிற்கும். என் அளவீட்டுக்கு ஈரம் ஆகாது. ஆறு ஜன்னல்களில் இரண்டுக்குக் கொக்கி இல்லை என்பதால் அவற்றின்மேல் பலகை அடிக்கச் சொன்னேன். கதவின் அடியில் பழைய சாக்கைச் சுருட்டி வைத்தோம். ஏர்கோன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது அறைக் காற்றையே குளிர்விக்குமே தவிர, வெளியிலிருந்து ஒரு மூச்சுக் காற்றைக்கூட உள்ளே கொண்டுவராது.

அப்போது நான் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து வந்தேன். வகுப்பறைகள் டவுனில் இருந்தன. ஆய்வுக்கூடம் மட்டும் தோட்டத்துக்குள். ரப்பர் இருந்த காலத்தில் பாலைச் சோதிப்பதற்காகத் தோட்டத்துக் கம்பெனி கட்டிய நீளமான ஓட்டுக் கட்டடம் அது. ரப்பரும் ஆலையும் போய், சுற்றிலும் செம்பனை வந்த பிறகு கட்டடம் சும்மா கிடந்தது. கல்லூரி அதை எடுத்துக்கொண்டது. மாணவர்கள் வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் வருவார்கள். மற்ற நாட்களில் நானும் ஆய்வுக்கூட உதவியாளரான அக்காவும் மட்டும்தான். நான் மம்பாவிலிருந்து காரில் வருவேன். பழக்குலை ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, செம்மண் சடக்கில் திரும்பி, கட்டடத்தை அடையும்போது அக்கா கதவைத் திறந்து வைத்திருப்பார்.

அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூடுதல் இருக்கும். கெமாஸ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகிக் கோலா சாவாவுக்கு வந்தவர். பிள்ளைகள் இல்லை. கணவர் வீட்டு முன்னால் தகரம் போட்டு மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவர். ஆய்வுக்கூடத்துக்கு வருவதற்கு முன் அக்கா பல வருடம் ரச்சூன் அடித்தவர். புல்லைக் கொல்லும் மருந்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு செம்பனை வரிசைகளுக்குள் நாள் முழுவதும் நடக்கிற வேலை. "அதுக்கு இது சொர்க்கம் டீச்சர். உக்காந்துக்கிட்டே கழுவுறேன்" என்பார்.

அவர் கழுவியது என் அளவீட்டுக் கலங்களை. ஒரு நாள் கேட்டார்:

"என்னத்த டீச்சர் அளக்குறீங்க? ரெண்டு வருசமா இந்தக் கிண்ணத்தக் கழுவுறேன். முன்ன இருந்த சாரும் சொல்லல. எனக்கு என்னான்னே தெரியாது லா."

நான் அளந்துகொண்டிருந்தது மூலக்கூறுகளின் மின் இருமுனைத் திருப்புத்திறனை. பகுதி நேரமாக முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். செம்பனை எண்ணெயிலிருந்து செய்யும் சில பொருள்களுக்கு அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது என் வேலை. அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டுத் தண்ணீரிலிருந்து தொடங்கினேன்.

"தண்ணி இருக்குல்ல அக்கா, அதுல கண்ணுக்குத் தெரியாத துணுக்கு ஒவ்வொன்னுக்கும் ஒரு பக்கம் கொஞ்சம் பிளஸ், ஒரு பக்கம் கொஞ்சம் மைனஸ். குட்டி பேட்டரி மாதிரி. ரெண்டு தகட்டுக்கு நடுவுல ஊத்தி கரண்ட் வச்சா அதெல்லாம் திரும்பி நிக்கப் பாக்கும். எவ்வளவு திரும்புதுன்னு வச்சு அந்த பேட்டரி எவ்வளவு பெருசுன்னு சொல்லிடலாம்."

"தண்ணிக்கு எவ்வளவு?"

"ஒன்னு புள்ளி எட்டு அஞ்சு டிபை."

"டிபைன்னா?"

"அலகு. துணிக்கு மீட்டர் மாதிரி."

அவர் மேசைமேல் இருந்த பழுப்புப் போத்தலைக் காட்டினார். "அப்ப இதுக்கு?"

அது பென்சீன். நான் அளக்கும் பொருளை அதில்தான் கரைப்பேன்.

"இதுக்குச் சுழியம். ஆறு மூலையும் ஒரே மாதிரி இழுக்கறதால ஒன்னை ஒன்னு அடிச்சுக்கும். அதனாலதான் இத எடுக்குறோம். கரைச்ச பொருள் மட்டும்தான் திரும்பணும். இது சும்மா இருக்கும். ஒன்னும் செய்யாது."

"ஒன்னும் செய்யாதா?"

"ஒன்னும் செய்யாது அக்கா."

தகடுகளுக்கு நடுவில் அது ஒன்றும் செய்யாது என்றுதான் சொன்னேன். அப்படித்தான் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். போத்தலின்மேல் மண்டையோட்டுப் படம் இருந்தது. அந்த அறையில் பாதிப் போத்தல்களில் அந்தப் படம் இருந்ததால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. பென்சீன் இரத்தத்தைக் கெடுக்கும் என்று எனக்குத் தெரியும். மாணவர்களுக்கு அதைப் பரீட்சைக் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன். அக்காவிடம் அன்று நான் அதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான்.

நச்சுக் காற்றை வெளியே இழுக்கிற கண்ணாடிப் பெட்டி ஒன்று மூலையில் இருந்தது. அதன் விசிறி நான் சேர்வதற்கு முன்பே நின்றுவிட்டது. துறைத் தலைவரிடம் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது முறை எழுதவில்லை.

என்னுடைய சிக்கல் வேறாக இருந்தது. எந்த அளவீட்டையும் தொடங்குவதற்கு முன், விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளை அளந்து பார்க்க வேண்டும். நான் குளோரோபென்சீனை எடுத்தேன். புத்தகத்தில் அதற்கு ஒன்று புள்ளி ஐந்து எட்டு டிபை. எனக்கு வந்தது ஐந்து புள்ளி மூன்று. மறுபடி அளந்தேன். மறுபடியும் ஐந்து புள்ளி மூன்று. கருவி தரும் அளவுகளைக் கணினியில் ஒரு அட்டவணையில் போட்டால், கடைசி நிரலில் விடை வந்துவிடும். அந்த அட்டவணை எனக்கு முன் இருந்த விரிவுரையாளர் செய்து வைத்தது. அவர் வெளிநாட்டு வேலைக்குப் போயிருந்தார். கருவியையும் அட்டவணையையும், சேமிப்பறையில் அடுக்கி வைத்த பென்சீன் போத்தல்களையும் எனக்கு விட்டுப்போனார். கடைசி நிரலின் தலைப்பில் 'மியூ' என்ற கிரேக்க எழுத்து மட்டும் இருந்தது.

ஈரம்தான் காரணம் என்று முடிவு செய்தேன். பென்சீனில் ஒரு துளித் தண்ணீர் கலந்தாலும் அளவு ஏறிவிடும். அதனால்தான் ஜன்னல்களை மூடினேன். அதனால்தான் பென்சீனைக் காய்ச்சி வடித்தேன், ஈரம் உறிஞ்சும் மணிகளைப் போட்டு வைத்தேன், கலங்களை முதலில் சோப்பில் கழுவி, பிறகு அடுப்பில் உலர்த்தி, கடைசியில் சுத்தமான பென்சீனில் மூன்று தரம் அலசச் சொன்னேன். மூன்று தரம் போதவில்லை என்று தோன்றியபோது ஐந்து தரம். ஒவ்வொரு அளவீட்டுக்கும் எட்டுக் கலங்கள். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை.

இப்படி ஐந்து வாரம் போனது.

பென்சீனுக்கு இனிப்பான வாசனை. முதல் நாள் அது மூக்கில் ஏறும். மூன்றாம் நாள் தெரியாது. எனக்கு மத்தியானத்தில் தலை வலிக்க ஆரம்பித்தது. கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். அக்காவுக்கும் தலை கிறுகிறுத்தது. "பசி டீச்சர்" என்றார். சாப்பாட்டு நேரத்தில் இருவரும் வெளியே மரத்தடியில் உட்காருவோம். காற்றில் பத்து நிமிடம் இருந்தால் தலை தெளிந்துவிடும். அது எங்களுக்கு எச்சரிக்கையாகப் படவில்லை. 'சாப்பிட்டதும் சரியாயிருச்சு பாத்தீங்களா' என்று அவர் சொல்வதும், நான் ஆமாம் என்பதும் வழக்கமாகிவிட்டது. விளக்குப் பக்கத்துச் சுவரில் முன்பு இரண்டு பல்லிகள் இருந்தன. நான்காவது வாரம் ஒன்றை மேசைக்கு அடியிலிருந்து அக்கா பெருக்கித் தள்ளினார். மற்றதை நான் பார்க்கவில்லை.

கையுறை கொடுத்திருந்தேன். ரப்பர் கையுறை. பென்சீன் ரப்பரை ஊற வைத்துவிடும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுவும் ரப்பர் பாலைச் சோதித்த கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு. ஒரு மணி நேரத்தில் கையுறை உப்பி, தொளதொளத்து, விரல் நுனியில் தொங்கும். அக்கா கழற்றித் தொட்டியில் போட்டுவிட்டு வெறுங்கையால் அலசினார். நான் பார்த்தேன்.

"கையுறை வேணாமா அக்கா?"

"வழுக்குது டீச்சர். கண்ணாடி ஒடஞ்சா உங்களுக்குத்தான் கஷ்டம்."

எனக்கு அப்போது கலம் உடைவதுதான் பெரிய பயம். எண் மட்டும் மாறவில்லை. ஐந்து புள்ளி மூன்று. ஐந்து புள்ளி இரண்டு ஒன்பது. ஐந்து புள்ளி மூன்று. இவ்வளவு சீராக ஒரே எண் வந்தால் அது ஈரமாக இருக்க முடியாது என்று ஒரு தடவையாவது நான் யோசித்திருக்கலாம். ஈரம் நாளுக்கு நாள் கூடும், குறையும். ஆனால் நான் எண்ணைப் பார்க்கவில்லை, அது தப்பு என்பதை மட்டுமே பார்த்தேன்.

ஐந்தாவது வாரம் ஒரு பிற்பகல், டவுனில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து மாணவர்களுக்குத் தேர்வுத்தாள் எழுதிக்கொண்டிருந்தேன். அலகு மாற்றம் பற்றி ஒரு சுலபமான கேள்வி வேண்டும். இருமுனைத் திருப்புத்திறனுக்கு இரண்டு அலகுகள் உண்டு. வேதியியலில் பழக்கமானது டிபை. உலகப் பொது முறைப்படி எழுதினால் கூலூம் மீட்டர். மூலக்கூறுக்குக் கூலூம் மீட்டர் மிகவும் பெரிய அலகு. ஒரு டிபையை அதில் எழுத, புள்ளிக்குப் பிறகு இருபத்தொன்பது சுழியம் போட்டு, அதன்பின் மூன்று, மூன்று, மூன்று, ஆறு என்று எழுத வேண்டும். அவ்வளவு சுழியத்தை எழுத யாருக்கும் பிடிக்காது; அதை ஒதுக்கி வைத்துவிட்டு முன்னால் நிற்கும் எண்ணை மட்டும் எழுதுவார்கள். 'குளோரோபென்சீனின் திருப்புத்திறன் 1.58 டிபை. கூலூம் மீட்டரில் கூறுக' என்று எழுதினேன். விடைத்தாளுக்காகப் பெருக்கினேன்.

ஐந்து புள்ளி இரண்டு ஏழு வந்தது.

பேனாவை வைத்துவிட்டேன். மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. பக்கத்து மேசைக்காரர் ஏதோ கேட்டார், பதில் சொன்னதாக நினைவு. மடிக்கணினியைத் திறந்து அட்டவணையின் சூத்திரத்தைப் பார்த்தேன். முன்னவர் விடையைக் கூலூம் மீட்டரில் கணக்கிட்டு, சுழியங்களை ஒதுக்கியிருந்தார். அவருக்குத் தெரிந்ததால் தலைப்பில் அலகை எழுதவில்லை. முதல் நாள் காலை நான் அளந்ததே சரியான விடை. பென்சீனில் ஈரம் இல்லை. கலங்களில் அழுக்கு இல்லை. ஜன்னல்களை மூடியிருக்க வேண்டியதே இல்லை.

மறுநாள் உருளைக்கிழங்குக் கறி அடைத்துப் பொரித்த கறிபாப் வாங்கிக்கொண்டு போனேன்.

"முடிஞ்சிருச்சு அக்கா. எண்ணு சரியா வந்துருச்சு. இனிமே அவ்வளவு கழுவ வேணாம்."

அவருக்கு என்னைவிடச் சந்தோஷம். "பாத்தீங்களா, நல்லா அலசுனா வராமப் போகுமா" என்றார். நான் கறிபாப்பைப் பிட்டுத் தின்றேன். என் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. முதலாண்டு மாணவன் செய்தால் நான் சிரிக்கிற தப்பு. ஜன்னல்களின் பலகையை அன்றே எடுக்கச் சொன்னேன். ஒட்டிக்கொண்டிருந்த இனிப்பு வாசனை போக ஒரு வாரம் ஆனது.

அதற்குப் பிறகு நான்கு மாதம் ஒன்றுமில்லை. செம்பனை எண்ணெயிலிருந்து செய்த என் பொருள்களை அளந்து முடித்தேன். எல்லாம் ஒழுங்காக வந்தன.

ஐந்தாவது மாதம் அக்காவின் முன்கையில் ஒரு நீலக் கன்றலைப் பார்த்தேன். மோட்டாரில் இடித்துக்கொண்டதாகச் சொன்னார். அடுத்த வாரம் கழுத்துக்குக் கீழே ஒன்று. அங்கே எதுவும் இடிக்காது. படியேறும்போது மூச்சு வாங்கினார். ஒருநாள் தொட்டியில் துப்பிவிட்டு அவசரமாகத் தண்ணீர் விட்டார். தொட்டியின் ஓரத்தில் சிவப்பாகக் கொஞ்சம் தங்கிவிட்டது.

"பல்லு டீச்சர். பிரஷ் முரடு."

கிளினிக்குக்கு நானே அழைத்துப்போனேன். இரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைவு என்றார்கள். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் டிங்கிக் காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். சிரம்பான் அரசாங்க மருத்துவமனையில் படுக்க வைத்தார்கள். காய்ச்சல் இல்லை, கொசுவும் காரணமில்லை. மூன்று நாள் கழித்து இடுப்பு எலும்பில் ஊசி போட்டு எலும்பு மச்சையை எடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் ஊற வேண்டிய இடத்தில் இரத்தம் ஊறவில்லை.

மருத்துவர் ஒரு மலாய்ப் பெண். பொறுமையாகப் பேசுகிறவர். அக்காவின் கணவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நின்றோம். மருத்துவர் அட்டையை எடுத்துவைத்துக்கொண்டு மலாயில் கேட்டார்: எங்கே வேலை செய்தீர்கள், ஏதாவது இரசாயனத்தோடு வேலை செய்திருக்கிறீர்களா.

"ரச்சூன் அடிச்சேன், தோட்டத்துல" என்றார் அக்கா. "பன்னெண்டு வருசம்."

மருத்துவர் எழுதினார். "இப்போது?"

"இப்ப ஸ்கூல் மாதிரி ஒரு எடம். கண்ணாடி கழுவுற வேல. டீச்சருக்குத் தெரியும். அது ஒன்னும் செய்யாது."

மருத்துவர் என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். தான் சொன்னதைச் சரி என்று நான் உறுதிப்படுத்துவதற்காக. நான் தலையை ஆட்டினேனா என்று இப்போது நினைவில்லை. பேசவில்லை என்பது நினைவிருக்கிறது. பக்கத்துப் படுக்கையில் யாரோ இருமினார்கள், மருத்துவர் அந்தப் பக்கம் போனார்.

மாற்றுத் துணி எடுத்துவர அண்ணனைக் காரில் கோலா சாவாவுக்கு அழைத்துப்போனேன். அக்காவின் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டுக்குள் போய்த் துணி எடுத்துக்கொண்டிருந்தார். நான் தகரக் கூரையின் கீழ், பிரித்துப் போட்ட ஒரு மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றேன். எண்ணெய் வாடைக்கு நடுவில் அந்த இனிப்பு வாசனை வந்தது.

கருவிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஐந்தாறு மினரல் வாட்டர் போத்தல்கள் இருந்தன. எல்லாவற்றிலும் தண்ணீர் போல நிறமில்லாத திரவம். ஒன்றைத் திறந்தேன். உடனே மூடிவிட்டேன்.

அண்ணன் பையோடு வெளியே வந்தார். "அதுவா? உங்க ஆய்வுக்கூடத்து எண்ணெய். கழுவிட்டுக் கீழ ஊத்துறதுதானேன்னு அவ கொண்டு வந்தா. கார்பரேட்டருக்கு இதவிட நல்ல சாமான் கெடையாது. கையில கிரீஸ் இருந்தாக்கூட ஒரு தேய்ப்புல போயிரும்."

"கையையா கழுவுறீங்க?"

"தெனமும்."

"அண்ணே, இது ஒடம்புக்கு ஆகாது."

அவர் சிரித்தார். "நீங்கதான ஒன்னும் செய்யாதுன்னீங்க."

"சொன்னேன். அது வேற அர்த்தத்துல. இது இரத்தத்தக் கெடுக்கும். அக்காவுக்கு வந்திருக்கிறது இதனாலயும் இருக்கலாம்."

அவர் பையைத் தரையில் வைத்தார். கைகளைத் திருப்பிப் பார்த்தார், உள்ளங்கை, புறங்கை. மோட்டார் வேலை செய்கிறவர் கை மாதிரி இல்லை. வெளுத்து, வறண்டு, விரலிடுக்கில் வெடித்திருந்தது. பிறகு மிக மெதுவாகக் கேட்டார்:

"ஆஸ்பத்திரில டாக்டர் கேட்டாங்களே. அப்ப ஏன் சொல்லல?"

போத்தல்களை ஒரு வாளிக்குள் அடுக்கி, காரின் பின்பெட்டியில் வைத்தேன். எல்லா ஜன்னல்களையும் இறக்கிவிட்டு ஓட்டினேன்.

மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே துறைத் தலைவருக்குப் போன் செய்தேன். ஆய்வுக்கூடத்தில் தன்னைப் பார்க்கச் சொன்னார். அண்ணனை மருத்துவமனையில் இறக்கிவிட்டு அங்கே போனேன். அவருடையது தாத்தா காலத்திலிருந்து அலுவலகங்களில் எழுத்தர் வேலை பார்த்த குடும்பம். யாழ்ப்பாணத்துப் பேச்சு அவர் நாக்கில் இன்னும் மிச்சம் இருந்தது. வாளியைப் பார்த்தார். நின்றுபோன விசிறியைப் பார்த்தார்.

"நீங்கள் ஆஸ்பத்திரியில சொன்னா, அரசாங்க ஆக்கள் வந்து இதைப் பூட்டிப்போடுவினம்" என்றார். "அந்த மனுசி பன்னிரண்டு வருசம் மருந்தடிச்சவ. எதால வந்ததெண்டு ஆருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"பிறகென்ன?"

"தெரியாதுங்கறதத்தான் சொல்லப் போறேன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் முகத்தில் அப்போது இருந்தது பயம். அதே பயம் எனக்கும் இருந்தது. வாளியைச் சேமிப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியை அவரே எடுத்துக்கொண்டார். நான் போவதைத் தடுக்கவில்லை.

மறுநாள் காலை மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பென்சீன் என்றதும் எழுதுவதை நிறுத்தினார். எத்தனை வாரம், எவ்வளவு அளவு, அறையில் காற்றோட்டம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். ஜன்னல்களைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் ஒழுங்காகத்தான் இருந்தது. முன்னவர் காலத்தில் இரண்டு வருடம் அக்கா இதே பாத்திரங்களைக் கழுவியதையும், வீட்டுப் போத்தல்களையும் சொன்னேன். ரச்சூனா, முன்னவர் காலத்துக் கழுவலா, என் ஐந்து வாரமா, எது என்று பிரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

முடியாது என்றார். பிறகு, "நீங்களும் இரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள். அவருடைய கணவரையும் வரச் சொல்லுங்கள்" என்றார்.

வேலையிடப் பாதுகாப்பைப் பார்க்கும் அதிகாரிகளுக்கும் எழுதினேன். பத்து நாளில் வந்தார்கள். முகமூடி போட்ட இரண்டு பேர் சேமிப்பறையிலிருந்து பழுப்புப் போத்தல்களையும் அந்த வாளியையும் எடுத்துப்போனார்கள். கட்டடத்துக்குப் பூட்டு விழுந்தது. கல்லூரி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அடுத்த தவணைக்கு வகுப்பு ஒதுக்கவில்லை, அவ்வளவுதான். முதுகலை ஆய்வேட்டை நான் சமர்ப்பிக்கவே இல்லை. எண்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

அக்காவிடம் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. தனி அறையில் வைத்திருந்தார்கள். முகமூடி போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அவர் முகம் மெழுகு போல இருந்தது.

"அக்கா, அந்த அஞ்சு வாரம் கழுவுனோமே. எண்ணு சரியா வரலன்னு."

"ஆமா."

"எண்ணு மொத நாளே சரியாத்தான் வந்துச்சு. அது வேற அலகுல இருந்துச்சு. முழத்துல அளந்தத மீட்டர்னு நெனச்சுக்கிட்ட மாதிரி. நான்தான் கவனிக்கல."

அவர் கண்ணைக் கூரைப் பக்கம் திருப்பினார்.

"அப்ப நான் கழுவுனது?"

"தேவையே இல்ல அக்கா."

"ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

"அஞ்சாவது வாரம்."

"அன்னிக்குக் கறிபாப் வாங்கிக் குடுத்தீங்க" என்றார்.

நான் ஆமாம் என்றேன். குழாயில் சொட்டுச் சொட்டாக இரத்தம் இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கோபப்படுவார் என்று தயாராக வந்திருந்தேன். அழுவார் என்றும் நினைத்திருந்தேன். அவர் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, "போய்ட்டு வாங்க டீச்சர். எனக்குத் தூக்கம் வருது" என்றார். கண்ணை மூடவில்லை.

மூன்று நாள் போகவில்லை. நான்காம் நாள் போனேன். வரவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. இன்று வரை அதைப் பற்றி நாங்கள் மறுபடி பேசியதில்லை.

மருந்து பாதி வேலை செய்தது. அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் மாதத்துக்கு ஒரு முறை இரத்தம் ஏற்ற வேண்டும். கூட்டத்துக்குள் போகக் கூடாது. தைப்பூசத்துக்குப் போகாமல் இரண்டு வருடம் ஆகிறது. சமையலுக்குக் கத்தியைத் தொட விடமாட்டார் அண்ணன்; கீறினால் நிற்காது. நான் இப்போது ஒரு டியூஷன் சென்டரில் சொல்லிக்கொடுக்கிறேன். மருத்துவமனை நாளில் காரை எடுத்துக்கொண்டு கோலா சாவாவுக்குப் போய் இருவரையும் ஏற்றிக்கொள்வேன். அக்கா முன்னால் உட்காருவார். இரத்தப் பரிசோதனை எனக்கும் அண்ணனுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. என்னுடையது இதுவரை எல்லைக்குள் இருக்கிறது. கீழ் எல்லையை ஒட்டி. இதைச் சொல்லும்போது மருத்துவர் என் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்ப்பார்.

போன மாதம் அண்ணனின் தாளை அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். பழைய தாள்களை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஒவ்வொரு தாளிலும் எண் முந்தியதைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது. களைப்பாக இருக்கிறதா என்று கேட்டார்.

"வயசாகுதுல்ல டாக்டர்" என்றார் அண்ணன் மலாயில்.

மூன்று மாதம் கழித்து வரச் சொல்லி எழுதியிருந்த அட்டையில் மருத்துவர் தேதியை அடித்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து என்று எழுதினார். எலும்பு மச்சையைப் பார்க்க வேண்டியிருக்கலாம் என்றார். அண்ணன் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பும் வழியில் ஒரு மோட்டார் சாமான் கடையில் நிறுத்தச் சொல்லி, யாருக்கோ தேவைப்பட்ட சங்கிலியை வாங்கிக்கொண்டார். அவர் கடைக்குள் இருந்தபோது அக்கா முன் கண்ணாடி வழியே அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்" என்றார், திரும்பாமல். "அவருக்கும் எனக்கு வந்ததுதானா?"

"தெரியல அக்கா. ரெண்டு வாரத்துல சொல்லுவாங்க."

"ம்" என்றார்.

அண்ணன் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு வெயிலில் மெதுவாக நடந்து வந்தார். காருக்குப் பக்கத்தில் வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கினார். நான் வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தேன்.